சொல்லாத மருந்து

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் முன்பக்கம் வீட்டுக்காரர்கள், பின்பக்கம் நாங்கள். எங்கள் பக்கத்திலும் கிணற்றடியை ஒட்டிய சின்ன அறை என் மனைவிக்கு மட்டும் என்று ஆகியிருந்தது. அவளுக்குக் கசம், காசநோய். ஐம்பதுகளின் கடைசியில் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அந்தச் சீக்கு" என்பார்கள், இல்லாவிட்டால் மார்பைத் தொட்டுக் காட்டுவார்கள். அவளுக்குத் தட்டு தனி, செம்பு தனி, பாய் தனி. அவள் துணியை நானே தனியாக வெந்நீரில் அலசி, வேலிப் பக்கம் தனிக் கயிற்றில் காயப் போடுவேன். அவள் கூடப் பிறந்த தங்கை கெடாரிலிருந்து பார்க்க வந்தால் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது.

நான் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவன். எட்டாவது வரை படித்தேன். விடிந்ததும் குளித்து, விபூதி பூசி, ஈசுவரன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் தராசைத் தொடுவேன். அதைத் தவிர எனக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. மாதம் ஒருமுறை மனைவியை ரயிலில் விழுப்புரம் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டுவேன். அவர் எழுதித் தரும் ஊசியை உள்ளூர் கம்பவுண்டர் வந்து போடுவார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போடுவார், போட்டதும் போய்விடுவார்.

நாள் முழுக்க அவளிடம் பேசுவதற்கு ஆள் இல்லை. அந்த நிலைமையில்தான் நாய் வந்தது.

பெருமுக்கல் பக்கத்திலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றி வந்த ஒரு வண்டியின் அடியில் நடந்தே வந்த குட்டி அது. மூட்டை இறக்கிய பிறகு வண்டி போய்விட்டது, குட்டி போகவில்லை. சாக்குக் குவியலில் ஏறிப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்து, நான் கால் கழுவுவதற்குள் கிணற்றடியைத் தாண்டி நேராக அவள் அறைக்குள் போய்விட்டது. விரட்டலாம் என்று போய்ப் பார்த்தால், அவள் பாயில் உட்கார்ந்திருக்க, அது அவள் உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தது. அவளைத் தொட்டு மனிதர்கள் பழகி வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் விரட்டாமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அது அவள் நாய். அறை வாசற்படியில் குறுக்கே படுக்கும். அவள் இருமினால் எழுந்து நிற்கும், இருமல் அடங்கினால் படுக்கும். நான் கிணற்றில் நீர் இறைக்கும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்கும்.

"இன்னாடா, இன்னிக்கு மண்டியில சரக்கு நெறய வந்துச்சா? அவரு வாயத் தொறக்க மாட்டாரு. நீயாவது சொல்லேன். நீயும் அவருகூட சேந்துக்கினியா?"

இருமல் வரும். மறுபடி பேச்சு வரும். ஒரு மாதத்தில் அவள் சாப்பாடு கொஞ்சம் கூடியது. விழுப்புரத்து டாக்டர் எடை பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்ல பால் மாடு வாங்கிட்டாரா?" என்று கேட்டார். நாய் என்று அவள் சொல்லவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் டாக்டரிடம் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது நாய் இளைத்தது. எவ்வளவு கூழ் ஊற்றினாலும் விலா எலும்பு தெரிந்தது. பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகரும். ஒரு நாள் அது படுத்திருந்த இடத்தில் அரிசிபோல வெள்ளை வெள்ளையாகக் கிடந்து நெளிந்தது. அதை முதலில் பார்த்தது வீட்டுக்காரம்மா.

"தம்பி, ஒங்க வீட்டம்மா சீக்கையே பொறுத்துக்கினு இருக்கோம். யாராவது இருப்பாங்களா, சொல்லு? இப்ப நாய் வேற புழு கொட்டுது. எங்க வீட்ல புள்ளைங்க தவழுது. அமாவாசைக்குள்ள சொஸ்தம் பண்ணு, இல்லாட்டி எங்கியாவது கொண்டுபோய் விட்டுடு."

அந்தம்மா கெட்டவர் அல்ல. வேறு யாரும் எங்களுக்கு வீடு கொடுத்திருக்க மாட்டார்கள். அறைக்குள் இருந்தவளுக்கு அது எல்லாம் கேட்டது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "அத வுட்டுட்டு வந்தீங்கன்னா எனக்கு ஊசியும் வேணாம்" என்று மட்டும் சொன்னாள். சும்மா சொல்கிறவள் அல்ல அவள்.

நான் முதலில் கோயிலுக்குத்தான் போனேன். எனக்குத் தெரிந்த வழி அது. வடகிழக்கு மூலையில் பைரவர் சன்னதி. நாயைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நிற்கிற சாமியிடம் நாய்க்காக வேண்டாமல் வேறு யாரிடம் வேண்டுவது? குருக்களிடம் அர்ச்சனை என்றேன். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"நாய்க்கா? நாய்க்கு என்னங்காணும் நட்சத்திரம்?" என்றார். எதிரில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"பொறந்த நாள் தெரியாதுங்க சாமி. எங்க வீட்டம்மா நட்சத்திரத்துக்கே பண்ணிடுங்க."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அர்ச்சனை செய்தார். விபூதியைக் கொண்டுபோய் இருவர் நெற்றியிலும் வைத்தேன். நாய் தலையை உதறிக்கொண்டது.

அதற்கு அடுத்த நாள் மாட்டாஸ்பத்திரிக்கு அதைக் கயிறு கட்டி இழுத்துப் போனேன். அங்கே கொட்டகை நிறைய உழவு மாடுகள், வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஒரு எருமை, மடி வீங்கிய பசு. நாயோடு வந்தவன் நான் ஒருத்தன்தான்.

"இன்னாங்க, நாய்க்கு ஆஸ்பத்திரியா? நாளைக்கு எங்க வீட்டுக் கோழியக் கொணாரட்டா?" என்றார் எருமைக்காரர்.

"கோழி சீக்கு வந்தா கொழம்புதான். இது கொழம்புக்கும் ஆவாது. அதான் பாவம், ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டாரு" என்றார் பக்கத்திலிருந்தவர்.

நானும் கூடச் சிரித்து வைத்தேன். டாக்டர் இளவயசுக்காரர், மெட்ராசில் படித்து வந்தவர். அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் தூக்கி வைக்கச் சொல்லி, கண் இமையைப் பிரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். நான் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்த வெள்ளைத் துணுக்குகளைப் பார்த்ததும், "நாடாப் புழு" என்றார். நாயின் எடை தெரிய வேண்டும் என்றார். அங்கே இருந்த எடைக் கருவி மாட்டுக்குப் போடுகிற மருந்து நிறுக்கத்தான் ஆகும். நான் நாயைத் தூக்கிக் கையிலேயே பார்த்து எடையைச் சொன்னேன். எனக்குத் தொழில் அது. டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, அதன்படியே மருந்தைப் பிரித்துக் காகிதத்தில் மடித்தார்.

"இது கடுமையான மருந்துங்க. வியாழக்கிழமை ராத்திரி ஒண்ணும் கொடுக்காதீங்க. வெள்ளிக்கிழமை காலையில வெறும் வயத்துல சர்க்கரைத் தண்ணியில கரைச்சு ஊத்துங்க. கொஞ்ச நேரத்துல புழு மொத்தமா வெளிய வந்துடும். வந்தத எரிச்சுடுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற யாராவது இதுக்கு மருந்து கொடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. விபூதி மட்டும் வெச்சேன்."

"அது வெக்கலாம்" என்றார்.

நான் அறிந்தவரையில் சொன்னது உண்மைதான். ஆனால் அதே வாரம் சந்தையன்று நான் மண்டியில் இருந்தபோது வீட்டில் வேறொன்று நடந்திருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பெருமுக்கல் பக்கமிருந்து ஒரு வைத்தியர் சந்தைக்கு வருவார். மாட்டுக்கும் பார்ப்பார், மனுஷருக்கும் பார்ப்பார். எலும்பு முறிவு, கோமாரி, குழந்தைக்கு மாந்தம் எல்லாவற்றுக்கும் அவர் தோள் பையில் மருந்து இருக்கும். பொய்க்காரர் அல்ல. மண்டிக்காரரின் ஜோடி மாடு எழுந்திருக்காமல் கிடந்தபோது எழுப்பி நடக்க வைத்தவர் அவர்தான், நானே பார்த்தேன். வீட்டுக்காரம்மா பேரனுக்கு மருந்து வாங்க வழக்கம்போல அவரை வரவழைத்திருக்கிறார். என் மனைவி கதவோரம் நின்று நாயைக் காட்டியிருக்கிறாள். அவர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, வெல்லம் போட்டு உருட்டிய பெரிய உருண்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்.

"வெள்ளிக்கிழமை பொழுது மொளைக்கறதுக்கு முந்தி வெறும் வயத்துல குடும்மா. புழு வுழற வரிக்கும் யாராண்டயும் வாயத் தொறக்காத. கட்டின புருஷன்கிட்டகூட. சொன்னா பலிக்காது."

எங்கள் பக்கம் பச்சிலை மருந்துக்கு இதுதான் முறை. பறிக்கிறவன் பேசாமல் பறிப்பான், அரைக்கிறவள் பேசாமல் அரைப்பாள், கொடுத்ததை வெளியில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மருந்தின் வீரியம் சொல்லோடு போய்விடும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். நானும் நம்பினவன்தான். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது என் தாயார் கொடுத்தது என்ன இலை என்று அவர் சாகும்வரை எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் எழுந்து குளித்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் ஆஸ்பத்திரி மருந்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"அது இன்னாங்க?"

"மாட்டாஸ்பத்திரி மருந்து."

"இன்னிக்கேவா? நாளைக்குக் குடுக்கலாமே."

"டாக்டர் வெள்ளிக்கிழமைன்னுதான் சொன்னாரு. நீ பேசாத, இருமல் வரும்."

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சாமி படத்துப் பக்கம் பார்த்தாள். நான் நாயின் தாடையை விரித்துப் பிடித்து மருந்தை ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

நான் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் கூப்பிட்டாள். நாயின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகிக்கொண்டிருந்தது. கண்ணிலும் நீர் வழிந்தது. முதலில் வாந்தி எடுத்தது, பிறகு வயிறு கழிந்தது. புழு வந்தது, நீளமாக, நாடாபோல. வந்துவிட்டது என்று எனக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட. ஆனால் கழிவது நிற்கவில்லை. பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தது. எழப் பார்த்தது, முடியவில்லை. தரையில் கன்னத்தை வைத்து, அறை வாசற்படியைப் பார்த்தபடி படுத்து நடுங்கியது. மூச்சு தொண்டையில் தண்ணீர் இருப்பதுபோல இழுத்தது.

"ஏங்க" என்றாள் அவள். நாயின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் வாயை முந்தானையால் துடைத்தாள். "ஏங்க, நான் விடியறதுக்கு முந்தி ஒரு உருண்ட குடுத்தேன். வைத்தியரு குடுத்தது. சொல்லக் கூடாதுன்னாரு."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வராது. நாயைச் சாக்கில் சுருட்டித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவள் என் பின்னால் வருகிறாள். தலைமுடி அவிழ்ந்து, வெறுங்காலோடு. மாதாந்திர விழுப்புரம் பயணத்தைத் தவிர அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அந்தப் பயணத்துக்கும் ரயிலடிவரை நடந்தேதான் போவோம், ஏனென்றால் ஜட்கா வண்டிக்காரர்கள் அவளை ஏற்ற மாட்டார்கள்.

தெரு முனையில் கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் ஜட்கா வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவருக்கும் எங்கள் வீட்டுக் கதை தெரியும். சாக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஏறும்மா. ஏறுங்க தம்பி, ஜல்தி. இன்னா நின்னுக்கினு."

"பாய், அவங்களுக்கு..."

"தெரியும். வாயில்லாத ஜீவன் சாவக் கெடக்குது, அதப் பேசிக்கினு நிக்கற நேரமா?"

வண்டியில் நாயின் தலை அவள் மடியில் இருந்தது. அவள் புடவையெல்லாம் எச்சில். அவள் அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். மந்திரமோ மன்னிப்போ, எனக்குக் கேட்கவில்லை. நான் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் எண்ணிக்கை தவறிப் போயிற்று.

டாக்டர் அப்போதுதான் வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். பார்த்த உடனே, "இன்னும் என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார். நான் சொல்வதற்குள் அவள் சொன்னாள். உருண்டை மடித்திருந்த வாழைச் சருகை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். அதில் ஒட்டியிருந்த தூளை அவர் முகர்ந்தார், விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தார். உள்ளே போய் ஊசியோடு வந்து போட்டார். நாயின் நெஞ்சில் காதுக் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எச்சில் ஒழுகுவது கொஞ்சம் குறைந்தது. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். அதன் பிறகு குழாயை எடுக்கவே இல்லை. கடைசியில் எடுத்தபோது மடித்துப் பையில் வைத்துவிட்டார். அதிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அவள் அழவில்லை. "வைத்தியரு குடுத்தது வெசமாங்க?" என்று கேட்டாள்.

"விஷம் இல்லம்மா. கொட்டைப்பாக்கு. நாய்க்குப் புழு போக அது நல்ல மருந்துதான். நான் கொடுத்த மருந்தும் கொட்டைப்பாக்குலேருந்து சத்து எடுத்து மெட்ராஸ்ல செஞ்சு வர்றதுதான். ரெண்டும் ஒண்ணு. எதையாவது ஒண்ணக் கொடுத்திருந்தா பொழைச்சிருக்கும். அவருக்கு என்னத் தெரியல, எனக்கு அவரத் தெரியல."

பிறகு, அவள் கேட்காமலேயே, ஊசியில் போட்ட மாற்று மருந்து ஊமத்தை வகைச் செடியிலிருந்து எடுப்பது என்றும், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். சிவனுக்குச் சாத்துகிற பூ ஊமத்தை. ஆயுசு முழுக்கக் கும்பிட்டவன் நான். எது எதற்கு மருந்து என்று அவன் வைத்திருக்கிறான், நமக்குத் தெரிவதில்லை. அன்று அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். முழுக்கத் தேறவில்லை.

மண்டிக்குப் பின்னால் ஏரிக்கரை ஓரமாகக் குழி வெட்டிப் புதைத்தேன். பாய் கூட வந்து மண் தள்ளினார். வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரம்மா நாய் கிடந்த இடத்தையெல்லாம் சாணி கரைத்துத் தெளித்துக் கழுவியிருந்தார். "போனா போவுது வுடு தம்பி. அவளுக்கு வந்த கண்டம், அதோட போச்சுன்னு நெனச்சுக்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். வாசற்படியில் காலை வைக்கும்போது பழக்கத்தில் தாண்டி வைத்தேன். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். தட்டை வைத்துவிட்டுத் திரும்பப் போனவனைக் கூப்பிட்டாள். தலையணை உறையின் தையலைப் பிரித்து உள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தாள். செங்கல் நிறத்தில் தூள்.

"இது எனக்கு. அதே வைத்தியருதான். சித்திரையிலேருந்து தேன்ல கொழச்சுச் சாப்புடறேன். யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னாரு, சொல்லல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "கம்பவுண்டர் போடற ஊசியும் இதுவும் ஒண்ணா, வேறயா, ஒண்ணுக்கு ஒண்ணு ஆவாதா, எனக்கு இன்னா தெரியும். நீங்க கேட்டுக்கினு வாங்க."

நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

"உங்ககிட்ட சொல்லிட்டேன். இனிமே இது பலிக்காது" என்றாள். அப்போதுதான் அழுதாள். நாய்க்காகவா, அந்த மருந்தின்மேல் வைத்திருந்த நம்பிக்கைக்காகவா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மண்டிக்குப் போகாமல் விழுப்புரம் போனேன். பெரிய டாக்டர் தூளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் பாதரசம், பாஷாணம் என்று விஷச் சரக்கு ஏதாவது சேர்ந்திருக்கலாம், இங்கே வைத்துக்கொண்டு சொல்ல முடியாது, மெட்ராசுக்கு அனுப்பிப் பார்க்கிறேன், அதுவரை தொடக்கூடாது என்றார். பிறகு, அவளுக்குக் கடைசியாக எடுத்த எக்ஸ்ரே படத்தைத் தேடி எடுத்து மறுபடி பார்த்துக்கொண்டே, அவளுக்கு வாந்தி இருந்ததா, கை கால் மரத்துப் போனதா, கண் மங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அதையெல்லாம் அவள் நாயிடம்தான் சொல்லியிருப்பாள்.

"அவங்களையே கூட்டிட்டு வாங்க" என்றார். "என்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும்."

அடுத்த ரயிலில் திரும்பி வந்து அவளைக் கூட்டிப் போனேன். இந்த முறை பாய் ரயிலடிவரை ஜட்காவில் கொண்டு விட்டார். டாக்டர் முன்னால் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து, உருண்டை, நாய், ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அவள் ஒரு மனுஷரிடம் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவள் இரண்டு மழைக்காலம் இருந்தாள்.